கேட்டில் நின்ற நேரம்

2025 நவம்பர் 3, திங்கள்

டெல்லி முழுக்க ஒரே புகை. வாக்கிங் போகவில்லை. மருமகள் கவிப்ரியா சொல்லித்தான் தெரிந்தது. என் தம்பி செந்தில்குமார் ரிட்டையர் ஆகி ஆறு மாதமாகிறதாம். லோதி ரோடு குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு வருகிற பதின்மூன்றாம் தேதி திருநெல்வேலிக்கே போகிறானாம். போகட்டும். முப்பத்தேழு வருடமாக என்னிடம் எதைச் சொன்னான், இதைச் சொல்ல?

நவம்பர் 5, புதன்

எனக்கு ஒன்றும் மறக்கவில்லை. 1988 ஜனவரி 24, ஞாயிறு. என் மகன் கௌதமனுக்குக் காது குத்து. இதே கிட்வாய் நகரில் அப்போது எங்களுக்குக் கீழ் வீடு. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். பத்தரைக்கு நல்ல நேரம் முடிகிறது. பத்தேகாலாகியும் தம்பியைக் காணோம். மாமியார் முணுமுணுக்க ஆரம்பித்தாள். என் வீட்டுக்காரரின் சித்தப்பா மகன் ரத்தினவேல் மடியில் உட்கார்த்திக் குத்திவிட்டோம். தம்பி சீர்த் தட்டோடு கேட்டு வரைக்கும் வந்தான், திரும்பிப் போனான். உள்ளே வந்து கடுக்கனைப் போட்டிருக்கக் கூடாதா? என் மானத்தை வாங்கிவிட்டான்.

இப்படித்தான் எல்லோரிடமும் சொல்லி வந்திருக்கிறேன்.

நவம்பர் 8, சனி

பேத்தி இளவரசிக்கு ஸ்கூல் டெஸ்டில் இரண்டு மார்க் போச்சு. மேலே எறிந்த பந்து உச்சியில் நிற்கும்போது என்ன என்று கேள்வி. வேகமும் இல்லை, வேகத்தை மாற்றுகிற இழுப்பும் இல்லை என்று எழுதியிருக்கிறாள். நானும் அதைத்தான் எழுதியிருப்பேன். நிற்கிற பந்துக்கு என்ன இழுப்பு? வீட்டுச் சாவியைத் தூக்கிப் போட்டுக் காட்டினாள்.

"தேக்கோ, இங்க பாரு பாட்டி, மேல அங்க ஸ்பீடு ஜீரோ. ஆனா ஆக்சிலரேஷன் ஜீரோ இல்ல. அதுவும் ஜீரோன்னா சாவி அங்கயே தொங்கும்ல? பாகல் மாதிரி, பைத்தியமாட்டம் தப்பா எழுதிட்டேன்."

ஏறும்போதும் கீழேதான் இழுக்கிறதாம். நிற்கும்போதும் அதே அளவு, இறங்கும்போதும் அதே அளவு.

பருப்பு அடிபிடித்துவிட்டது.

நவம்பர் 9, ஞாயிறு

அவன் நின்றான். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. வந்தான், திரும்பினான் என்றுதான் சொல்வேன். நடுவில் நின்றான் — கையில் தட்டு, பூ, கடுக்கன் டப்பா. உள்ளே கௌதமன் வீறிட்டு அழுதான். அதைக் கேட்டதும் நின்றான். நான் வராந்தாவில்தான் இருந்தேன். என்னைப் பார்த்தான். நிற்கிறானே, தானாக வரட்டும் என்று பேசாமல் இருந்தேன். நின்னா எல்லாம் நின்னுபோச்சுன்னு நெனச்சேன்.

பனியில் பஸ் கிடைக்காமல் ஓடி வந்தானாமே, அப்போதே நேரமாகிவிட்டதே என்று அவனைப் பின்னால் இழுத்திருக்கும். நின்றபோதும் இழுத்திருக்கும். அந்த அழுகை, ரத்தினவேல் மடி, என் மூஞ்சி. 'உள்ள வாலே' என்று ஒரு வார்த்தை. என் வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது?

நவம்பர் 12, புதன்

யாரிடமும் சொல்லாமல் ஆட்டோ பிடித்து லோதி ரோடு போனேன். கேட்டுக்கு அந்தப் பக்கம் அட்டைப்பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். தலை முழுக்க நரை. நிமிர்ந்து பார்த்தான். நான் நின்றேன். வீட்டிலிருந்து வேகமாக வந்த கால்தான், அங்கே ஓரடி வைக்க மாட்டேன் என்றது. ஆட்டோக்காரன் ஜல்தி ஜல்தி என்றான். அதே ஆட்டோவில் திரும்பிவிட்டேன்.

நவம்பர் 13

சாயந்திரம் வண்டி. போயிருப்பான்.

நவம்பர் 14, வெள்ளி

காலையில் போன். முதலில் ரயில் சத்தம்தான் கேட்டது.

"ஏக்கா, முந்தாநாள் கேட்ல நின்னது நீதான? கூப்பிடத்தான் நெனச்சேன். நீயா வருவேன்னு பாத்துட்டே இருந்துட்டேன்."

ஏன் கூப்பிடவில்லை என்று நான் கேட்கவில்லை. வண்டி எங்கே போகிறது என்றேன். நாக்பூர் தாண்டியாச்சு என்றான். சாப்பிட்டியாலே என்றேன். இன்னும் இல்லை என்றான்.

இட்லி அவித்துக் கட்டிக் கொடுத்திருக்கலாம். நேற்று வீட்டில் மாவு இருந்தது.