வெள்ளிக்கிழமை வாங்கிய ஆட்டுக்கறி

என்னங்க,

தூங்குறீங்க, எழுப்ப மனசு வரல. நேத்து மாதா திருவிழாவுக்கு உழைச்சவங்களுக்கெல்லாம் நன்றி சொல்லணும்னு இன்னைக்குச் சாயங்காலம் நம்ம வீட்டுல சாப்பாட்டுக்குக் கூப்பிட்டீங்க, சரி. அதுக்காக விடியுமுன்ன போய் மூணு கிலோ ஆட்டுக்கறி வாங்கிட்டு வந்து மறுபடி படுத்துட்டீங்களே, இன்னைக்கு வெள்ளிக்கிழமை! நம்ம கோயில் ஆளுங்க ஒருத்தரும் தொடமாட்டாங்க. பந்தக்கால் நட்ட காத்தவராயனுக்கும் பொன்னம்மாளுக்கும் மாரியாத்தா விரதம். வாசல் பூரா கோலம் போட்ட மேல்வீட்டுக் காமாக்ஷி மாமிக்கு எந்தக் கிழமையும் ஆகாது. ஃபிரிட்ஜ் இருக்கறது அவங்க வீட்டுலதான். அதுல கறிய வைக்கலாமான்னு போய்க் கேட்டுத் தொலைக்காதீங்க!

மஞ்சளும் உப்பும் தடவி, உப்புக்கண்டத்துக்கு மொட்டை மாடியில கோத்துத் தொங்கவிட்டிருக்கேன். காக்காயப் பாத்துக்குங்க. முருங்கைக்காய் வாங்க, நம்ம ஊர்க் காய் கிடைக்கிற ஐ.என்.ஏ. மார்க்கெட் போறேன். சாம்பார்தான்.

நேத்து மைக்குல தண்ணி டேங்கர் ஓட்டுற இந்திக்கார பையா வரைக்கும் நன்றி சொன்னீங்க. மூணு நாள் அடுப்படியில வெந்தவ பேரு மட்டும் உங்க சீட்டுல இல்ல. நான் ஒண்ணும் கேக்கல.

மதலேன்

பின்குறிப்பு: தேங்காய் நாலு உடைச்சு வச்சிருக்கேன், துருவி வைங்க. துருவியிருந்தா, கல்யாணம் ஆன நாள்லேருந்து என் வாயால சொல்லாத உங்க பேரை எல்லார் முன்னாடியும் சொல்லி நன்றி சொல்றேன். மைக் வேண்டாம்.