கிளட்ச் இல்லாத காரும் களைசுரண்டியும்

ஐப்பசி 18, திங்கள்

விடியும்போது தூறல், பிறகு வெறித்தது. மாட்டுக்குப் பருத்திக்கொட்டை ஊறப் போட மறந்தேன். தேங்காய் எண்ணெய் தீர்ந்தது.

நேற்று எட்டயபுரத்துக்காரி வந்து போனாள். என் கொழுந்தன் பெண்டாட்டி. பேத்தி கனிக்குச் சின்னதில் காய்ச்சல் வந்து இடது கால் சூம்பினபோது, "இதை யாரு தலையில கட்டப் போறீய?" என்று கேட்ட வாய். இன்று கனி விளாத்திகுளத்தில் கணக்கு டீச்சர். தானே கார் ஓட்டிப் போகிறாள். மெட்ராஸில் யாரோ ஓட்டின பழைய கார்தான். ஆனால் கிளட்ச் கிடையாது, கியரைத் தானே மாற்றிக்கொள்ளும். வலது கால் ஒன்று போதும். எட்டயபுரத்துக்காரியைக் கனியே பஸ் ஸ்டாண்டில் கொண்டுபோய் விட்டாள். பின் சீட்டில் அவள் உட்கார்ந்திருந்த இருப்பு! வாய்க்குள் ஈ போனாலும் தெரிந்திருக்காது.

அவள் கண்ணில் பளபளவென்று படவேண்டும் என்றுதான் சனிக்கிழமை காரைச் சுத்தம் செய்தேன். அடியில் கரிசல் மண் அப்பி, காய்ந்து கல்லாகக் கிடந்தது. வண்டிச் சக்கரத்துக்குச் செய்கிற மாதிரி களைசுரண்டியை விட்டு நெம்பினேன். கட்டியோடு ஒரு வயரும் பிடுங்கிக்கொண்டு வந்தது. செருகினேன், நிற்கவில்லை. என் பழைய நீலச் சேலையில் ஒரு துண்டு கிழித்துச் சுற்றிக் கட்டினேன். கார் ஓடியது. ஓடியதால் யாரிடமும் சொல்லவில்லை.

ஐப்பசி 20, புதன்

நல்ல மழை. அடுப்பங்கரையில் ஒழுகல்.

கனி வர நேரமாயிற்று. முகம் செத்துப்போய் இறங்கினாள்.

"எடுக்கும்போது நோஞ்சான் மாடு மாதிரி நகர மாட்டேங்குது ஆச்சி. ஓடும்போது கியரு மாறவே மாட்டேங்குது. போர்டுல ஒரு லைட்டு வேற மினுக்குது."

கனியின் அப்பன், என் மகன் ராசு குதித்தான். "ஏட்டி, ஓடைத் தண்ணியில விட்டு அடிச்சிட்டு வந்து லைட்டு மினுக்குதுங்கியா?"

நானும் சேர்ந்துகொண்டேன். "மெதுவாப் போன்னு நான் சொன்னேன். கேட்டாத்தானே."

"ஆமா ஆச்சி. ஓடையில கொஞ்சம் வேகமாத்தான் விட்டுட்டேன்" என்றாள் அந்தப் பிள்ளை.

எழுதவே கை கூசுகிறது.

ஐப்பசி 21, வியாழன்

மழை விடவில்லை. கோவில்பட்டியிலிருந்து லாரி மெக்கானிக். மூடியைத் திறந்தார், மூடினார். "கியர்பாக்ஸ் மொத்தமும் அவுட்டு. இந்த மாதிரி வண்டிய இங்கன வச்சிக்கிட்டு மாரடிக்க முடியாது." காரை விற்றுவிடலாம் என்று ராசு புரோக்கருக்குச் சொல்லிவிட்டான். ஞாயிறு வருகிறானாம்.

கனிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். இன்று படியில் ஏறும்போது விழுந்து முட்டியில் தோல் உரிந்துவிட்டது. "வேலைய விட்டுரட்டுமா ஆச்சி?" மஞ்சள் பற்றுப் போட்டேன். நான்தான் வயரைப் பிடுங்கினேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. எட்டயபுரத்துக்காரி காதுக்குப் போய்விடுமே என்ற நினைப்பு.

சீ.

ஐப்பசி 23, சனி

வெயில். தூத்துக்குடியிலிருந்து வேறு மெக்கானிக். கனியோடு வேலை பார்க்கும் டீச்சருக்குச் சொந்தம். மஸ்கட்டில் இருந்தவர், வாய் ஓயாது. "அங்கன ஒட்டகத்தைத் தவிர எல்லாம் இந்த மாதிரி வண்டிதான் ஆச்சி." காப்பியில் சீனி போதாது என்று இரண்டு தரம் திருப்பி அனுப்பினார்.

கியர் எண்ணெயைக் கம்பியில் தொட்டு மோந்தார். கருகல் வாடை இல்லை. "கியர் பெட்டி நல்லாருக்கு. சொலினாய்டைப் பாப்போம்."

அது என்ன என்று கேட்டேன்.

"தோட்டத்து மடைன்னு வச்சிக்கோங்க. கரண்டு வந்தா எண்ணெய்க்கு மடையைத் திறக்கும், மூடும். அது பிரகாரம்தான் கியரு மாறும். கரண்டு வரலேன்னா வண்டி பயந்துபோய் ஒரே கியர்ல நின்னுக்கிடும்."

வண்டிக்குள் கம்ப்யூட்டர் பெட்டியைப் பிரித்து மீட்டரை வைத்தார். ஒரு சொலினாய்டுக்கு மட்டும் முள் அசையவில்லை. "ஒண்ணு, உள்ள சொலினாய்டே போயிருக்கணும். இல்ல, வழியில வயரு. உள்ளேன்னா கியர் பெட்டிக்கு அடியில எண்ணெய்ச் சட்டியைக் கழத்தணும், சாமான் மெட்ராஸ்ல இருந்து வரணும்."

"போதும் அண்ணாச்சி" என்றான் ராசு. "நாளைக்குப் புரோக்கர் வாரான். அப்படியே தள்ளிவிட்டுருதேன்."

கனி கைப்பையிலிருந்து சாவியை எடுத்து அப்பாவிடம் நீட்டினாள்.

"அடியில பாருங்க" என்றேன். "முன்பக்கம், டிரைவர் சைடு. நீலத் துணி சுத்தியிருக்கும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மெக்கானிக் சாக்கை விரித்து அடியில் நுழைந்தார். "இருக்கு! புண்ணுக்குக் கட்டுன மாதிரிலா கட்டியிருக்கு. துணி தண்ணியக் குடிச்சு, வயரு முனையில பித்தளைப் பின்னெல்லாம் பச்சையாப் பூத்துப்போச்சு."

எல்லாவற்றையும் சொன்னேன். சுரண்டி, வயர், எட்டயபுரத்துக்காரி.

"ஏம்மா, அன்னைக்கே சொல்லக் கூடாதா? புள்ளையப் போட்டு அந்த ஏச்சு ஏசினேனே" என்றான் ராசு. சாவி அவன் கையிலேயே இருந்தது.

கனி அந்த ஈரத் துணியை வாங்கிப் பார்த்தாள். "நாந்தான் கெடுத்தேன்னு நெனச்சிக்கிட்டிருந்தேன் ஆச்சி." அவ்வளவுதான். உள்ளே போய்விட்டாள்.

திட்டியிருக்கலாம்.

மெக்கானிக் பின்னைத் துடைத்து, வயரை ஈயம் வைத்துப் பற்றவைத்தார். மீட்டர் முள் எழுந்தது. லைட்டும் மினுக்கவில்லை. தெருமுனை வரை ஓட்டி வந்து, இன்னொரு காப்பி கேட்டார். சீனியை அள்ளிப் போட்டேன்.

ஐப்பசி 25, திங்கள்

மூட்டம். நேற்றுப் புரோக்கரை ராசு வாசலோடு அனுப்பிவிட்டான்.

காலையில் கனி "போயிட்டு வாரேன்" சொல்லவில்லை. கார் கண்மாய்க்கரை திரும்பும் வரை நின்று காது கொடுத்தேன். ஒருமுறை சத்தம் தாழ்ந்து எழுந்தது. இன்னொரு முறை. மாறுகிறது. முட்டிக் காயம் இன்னும் ஆறவில்லை. நான் பார்த்தால் சேலையை இழுத்து மூடிக்கொள்கிறாள்.

மதியம் மழை.

சாயங்காலம் வந்தாள். நாலு சக்கரத்திலும் கரிசல் உருண்டை உருண்டையாக. நேரே மாட்டுக் கொட்டத்துக்குள் போனாள். சுரண்டியை எடுத்து வந்து என் கையில் கொடுத்தாள்.

"சக்கரத்துக்கு மட்டும். அதுக்கு அங்கிட்டு கையி போச்சுன்னா, எட்டயபுரத்து ஆச்சிகிட்ட நானே போய்ச் சொல்லிருவேன்."

முன் சக்கரம் இரண்டும் ஆயிற்று. மூச்சு வாங்க உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பின் சக்கரத்து மண் காய்ந்துவிடும், எழுந்திருக்க வேண்டும்.