ஜெர்மனிக்காரர்கள் தேடி வந்த எருமேடு

கள்ளிக்குப்பம்,
12-1-1997.

அன்பு மகள் வடிவுக்கு அம்மா எழுதுவது. பெருமாள் தயவில் இங்கே இரண்டு பேரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், அப்பாவுக்கு முட்டி வலி, எனக்கு வாய் வலி, பேசிப் பேசி வந்ததுதான். நீயும் மாப்பிள்ளையும் அந்த ஜெர்மனிக் குளிரில் காதைப் பொத்திக்கொண்டு சுகமாக இருக்க வேண்டும். இனி ஒரு அசிங்கத்தைச் சொல்லிவிடுகிறேன், சொல்லாவிட்டால் சோறு இறங்காது போலிருக்கிறது. தாயம்மாளின் எருமேடு மழையில் கரைந்துபோயிற்று என்று அப்பா உனக்கு எழுதினாரே, அது பொய். எழுதியது அவர் கை, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தது நான். உங்கள் ஊர் நகராட்சிக்காரர்கள் வருவதற்கு முந்தின நாள் அந்த மேட்டை லாரி வைத்து வாரி அனுப்பியவள் உன் அம்மாதான். இந்த ஒரு வரியை எழுத இரண்டு தாள் கிழித்தேன், இரண்டு டம்ளர் காபி குடித்தேன், நடுவில் புஷ்பா என்று என் பெயரை நானே நான்கு முறை திட்டினேன்.

நீ இரண்டு வருஷம் முன்பு லீவில் வந்தபோது தெருக்கோடிக் காலிமனையில் தாயம்மாள் செய்கிற வேலையைப் பார்த்து வாய் பிளந்து நின்றது ஞாபகம் இருக்கும். அவர்கள் வீட்டு நிலமெல்லாம் நம்மைப் போன்றவர்களுக்கு மனையாகிப் போன பிறகும் மண்ணை விட மனசில்லாமல், தெருவின் காய்கறித் தோலையும் சருகையும் சாணியையும் அடுக்கு அடுக்காகப் போட்டு, தண்ணீர் தெளித்து, புரட்டிப் புரட்டிக் கறுப்பு எருவாக்கிக்கொண்டிருந்தாள். நீ போட்டோ எடுத்துக்கொண்டு போனாய். அங்கே வேலைக்குச் சேர்ந்த நகராட்சியில் அதைக் காட்டி, அவர்கள் பாஷையிலேயே எழுந்து நின்று பேசி, உங்கள் ஊரும் எங்கள் ஊரும் கை சேர்த்துக்கொள்ளலாம், அவர்கள் கொட்டகையும் சல்லடையும் தள்ளுவண்டியும் கொடுக்கட்டும், மெஷின் இல்லாமல் எரு செய்கிற வித்தையைத் தாயம்மாளிடம் கற்றுக்கொண்டு போகட்டும், குப்பை கொட்டிக் கொட்டித் தூர்ந்துகொண்டிருக்கிற நம் ஏரியும் பிழைத்துப்போகும் என்று சம்மதிக்க வைத்தாய். அந்தக் கடிதத்தை நான் மீன்காரி வரைக்கும் படித்துக் காட்டினேன். என் பெண் இரண்டு ஊருக்குக் கல்யாணம் பேசி முடித்துவிட்டாள் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். பெண் பார்க்க வந்த அன்றைக்கு அதைக் கெடுத்தவளும் நான்தான் என்பதை மீன்காரியிடம் இன்னும் சொல்லவில்லை.

நம் தெரு குப்பையை எப்படிச் சமாளிக்கிறது என்று பார்க்க வருகிறார்கள் என்று நீ எழுதியிருந்தாய். நலச்சங்கத்தில் அதை வைத்து இரண்டு மணி நேரம் மீட்டிங். தலைவர் பக்தவத்சலம், அவர்தான் விருந்தாளிகளுக்காகத் தலைக்கு மை அடித்துக் காது வரைக்கும் கறுப்பாக வந்த மகானுபாவர், தெருவில் ஒரு தூசு கண்ணில் படக்கூடாது என்றார். செயலாளர் என்ற முறையில் நான் கை தட்டினேன். வீட்டுக்கு ஆள் வருகிறார்கள் என்றால் கிழிந்த பாயைச் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளமாட்டோமா, அழுக்குத்துணி மூட்டையைக் கதவுக்குப் பின்னால் வைக்கமாட்டோமா, அந்தப் புத்தி. அந்த மேட்டில் காக்கா உட்காருகிறது, பக்கத்தில் போனால் ஒரு வாடை, பரதேசத்து மனுஷர்கள் மூக்கைப் பிடித்தால் என் பெண்ணுக்குத்தானே கேவலம் என்று நான்தான் எடுத்துக்கொடுத்தேன். எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். எருமேட்டைப் பார்க்கத்தான் அவர்கள் கப்பல் ஏறாத குறையாக வருகிறார்கள் என்பது, சத்தியமாகச் சொல்கிறேன், உன் கடிதத்தை ஊருக்கே படித்துக் காட்டிய என் மண்டை உட்பட அந்த அறையில் ஒரு மண்டைக்கும் உறைக்கவில்லை.

தாயம்மாள் இருந்தால் விடமாட்டாள் என்று தெரியும். அதனால் அவளிடம் போய், உனக்கும் ஒரு நல்ல நாள் வேண்டாமா, திருநின்றவூரில் உன் அக்கா வீட்டில் இரண்டு நாள் இருந்து பெருமாளைச் சேவித்துவிட்டு வா என்று என் பச்சைப் புடவை ஒன்றையும் கொடுத்து அனுப்பினேன். இன்னா யக்கா, எம்மேல திடீர்னு இம்மாம் பாசம் என்று சிரித்துக்கொண்டே ரயில் ஏறினாள். அவள் ரயில் ஆவடி தாண்டியிருக்காது, வேம்புலியின் லாரி வந்துவிட்டது. ஐந்து நடை. கடைசி நடையில் வேம்புலியே, யம்மா, இது குப்பை இல்லமா, கையில எட்த்துப் பாரு, காபித்தூள் மாதிரி கீது என்றான். நான்தான், நீ வண்டியை எடுப்பா, தத்துவம் பேசாதே என்று விரட்டினேன். அந்த இடத்தில் செம்மண் கொட்டி, ஷாமியானா போட்டு, கோலத்தில் வெல்கம் எழுதி, கேசரியும் வடையும் பிளாஸ்டிக் தட்டில் வைத்து, உன் ஜெர்மனிக்காரர்களுக்கு மாலை போட்டோம்.

அந்த ஹெல்கா அம்மாள் இருக்கிறாளே, ஒட்டடைக்குச்சி மாதிரி உயரமாக, அவள் கேசரியைத் தொடவில்லை. பையிலிருந்து நீ எடுத்த போட்டோவை எடுத்து, இந்த இடம் எங்கே, இந்த அம்மாள் எங்கே என்று கேட்டாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், சங்கத்தில் இங்கிலீஷ் தெரிந்தவள் நான் ஒருத்திதானே. என் எஸ்.எஸ்.எல்.சி. இங்கிலீஷில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, ஃபுல் க்ளீன் மேடம் என்றேன். அவளுக்கு விளங்க ஒரு நிமிஷம் ஆயிற்று. அப்புறம் குனிந்து எங்கள் செம்மண்ணை விரலால் கீறினாள், அடியிலிருந்து ஒரு மண்புழு நெளிந்துகொண்டு வந்தது, அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கூட வந்த இரண்டு பேருக்கும் காட்டினாள். அவர்கள் தேடி வந்தது அந்த மேட்டைத்தான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. உண்மையைச் சொல்லி, லாரியைத் திருப்பிக் கூப்பிட்டிருக்கலாம். பக்தவத்சலம் சால்வையை நீட்டினார், நான் கை தட்டினேன். இதைத்தான் நினைத்து நினைத்து மாய்கிறேன் வடிவு, வாரி அனுப்பியதையாவது முட்டாள்தனம் என்று விட்டுவிடலாம், அந்தக் கைதட்டலை என்னவென்று சொல்வது.

தாயம்மாள் மறுநாள் சாயங்காலம் துளசியும் தீர்த்தமுமாக வந்தாள். காலிமனையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். யக்கா, வெள்ளைக்காரங்க வந்து அத்தினியும் எட்த்துகினு பூட்டாங்களா என்று கேட்டாள். கேட்கும்போது முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. நான் தலையை ஆட்டினேன். இரண்டு நாள் அவள் எரு ஜெர்மனிக்குப் போனதாகவே நினைத்துக்கொண்டிருந்தாள், பால்காரனிடம் கூடச் சொன்னாளாம். மூன்றாம் நாள் வேம்புலி உளறிவிட்டான். சண்டை போடுவாள் என்று கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தேன். வந்தாள், ஜன்னல் வழியாகப் பச்சைப் புடவையை மடித்து வைத்தாள், நாலு வருசம்க்கா, ஒனக்கு நாறுச்சுன்னா எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல என்றாள். அவ்வளவுதான். திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டி மனசு ஆறியிருப்பேன்.

இப்போது உங்கள் ஊர் வேறு ஏதோ தேசத்து ஊரோடு சேர்ந்துகொண்டது என்றும், நீ சொன்னதெல்லாம் கதை என்று ஆபீசில் நினைக்கிறார்கள் என்றும் எழுதியிருந்தாய். அதைப் படித்ததிலிருந்து அப்பா என்னோடு பேசவில்லை, அது ஒரு விதத்தில் நிம்மதி என்றாலும் உன் பெயர் கெட்டது எனக்குத் தாங்கவில்லை. இந்தக் கடிதத்தை அப்படியே அவர்கள் பாஷையில் மாற்றி ஹெல்கா அம்மாளிடம் கொடு. மேடு இருந்தது, தாயம்மாள் இருக்கிறாள், பொய் சொன்னது என் பெண் இல்லை, நான் என்று தெரியட்டும். ஃபுல் க்ளீனையும் விடாமல் எழுது. திட்டம் திரும்பி வராது என்று தெரியும், உன் வார்த்தையாவது திரும்பி வரட்டும்.

மற்றபடி அப்பாவுக்கு மே மாதம் பாக்டரியில் ரிடையர்மெண்ட், பாக்டரி குவார்ட்டர்ஸில் இருக்கிற நண்பர்கள் கடிகாரம் வாங்கப் போகிறார்களாம், வீட்டில் ஏற்கெனவே மூன்று ஓடாமல் தொங்குகிறது. கோபத்தில் சாப்பிடாமல் இருக்காதே. என் மேல் இருக்கிற எரிச்சலை மாப்பிள்ளை மேல் காட்டாதே, அவர் சாது. சனிக்கிழமை தலைக்கு எண்ணெய் வை, ஈரத்தலையோடு வெளியே போகாதே. நீங்கள் இருவரும் எல்லா நலமும் பெற்று நூறு வருஷம் நன்றாக இருக்கப் பெருமாள் துணை நிற்கட்டும். திட்டியாவது ஒரு பதில் போடு.

உன்னிடம் தலை குனிந்து நிற்கும்
அம்மா,
புஷ்பா பார்த்தசாரதி.

பி.கு. நம் தெருவில் நாற்பத்திரண்டு வீடும் தாயம்மாளுக்குக் குப்பை கொடுக்கிறது என்று உன் சபையில் சொன்னாயாமே, கடிதத்தை மாற்றி எழுதும்போது அதை நாற்பத்தொன்று என்று திருத்திவிடு. நீ லீவில் வந்திருந்த இருபது நாள்தான் நம் வீட்டிலிருந்து கொடுத்தோம்.