அவர் கழற்றிக் கொடுத்த ரப்பர் உடுப்பு

23-12-1972, சனி

பழவேற்காட்டு ஏரியில் பாய்ப்படகு ஓட்டும் என் கணவருக்குக் குளிர் ஆகாது. போன மாதம் சென்னையில் பழைய சாமான் கடையில் முக்குளிப்பவர்கள் போடும், நனைந்தாலும் சூடு காக்கும் இரண்டு ரப்பர் உடுப்புகளை இழுத்துப் பார்த்து, நெடுநாள் உழைக்கட்டும் என்று தடித்ததையே வாங்கினேன்.

வியாழனன்று படகு கவிழ்ந்தது. அவரும் கொழுந்தன் சேகரும் விடியும்வரை அதைப் பற்றிக்கொண்டு மழைக்காற்றில் கிடந்திருக்கிறார்கள். அவர் குளிரில் விறைத்துப் போய்விட்டார்; சேகர் மட்டும் பிழைத்தான். நேற்று அடக்கம்.

இன்று அந்த உடுப்போடு வந்து நின்றான்.

"நான் நடுங்கிக்கினு இருந்தேன் அண்ணி. வேணாம் வேணாம்னேன். அண்ணன் கயட்டி எனக்கு மாட்டி உட்டுட்டாரு."

"நீயே வெச்சுக்கோ, போ" என்றேன். அவன் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

போகாமல் வாசலிலேயே நின்று அழுதான். கதவைச் சாத்தத்தான் எழுந்தேன். முடியவில்லை. உள்ளே கூப்பிட்டுச் சோறு போட்டேன்.