அம்மாவுக்குப் பக்கத்தில் ஒரு இடம்

அன்புள்ள அப்பா,

நீங்கள் போனை எடுப்பதில்லை. ஓசூரில் வேலை அதிகம் என்று அம்மா சொல்கிறார். அதனால் எழுதுகிறேன்.

ஞாயிறு அன்று பூங்காவில் நடந்த கூத்துக்குப் போனோம். கால்கள் செயலிழந்த பிறகு அம்மா ஆஸ்பத்திரியைத் தவிர வேறோர் இடத்துக்கு வந்தது இதுவே முதல் முறை. வின்சென்ட் மாமா அம்மாவைத் தூக்கி ஆட்டோவில் உட்கார வைத்து, சக்கர நாற்காலியை மடித்துப் பின்னால் கட்டினார். பூங்கா வாசலில் சாய்தளம் இருந்ததால் நானே தள்ளிக்கொண்டு போனேன். முன்வரிசையில் அம்மாவுக்கு இடம். பக்கத்தில், கூட வருபவருக்கென்று ஒரு நாற்காலி.

நான் அதில் உட்காரப் போனேன். "அது அப்பாவுக்கு. வந்துகினு இருப்பாரு. நீ கீழ குந்து" என்றார் அம்மா. கூத்துக்கு வரச்சொல்லி நான் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியை நீங்கள் பார்த்ததாக நீல டிக் வந்திருந்தது.

கூத்து அருமை, அப்பா. மத்தளத்தின் வேகம் ஏற ஏற அம்மாவும் தொடையில் தாளம் போட்டார். நடுவில் கோமாளி இறங்கி வந்து காலி நாற்காலியைக் காட்டி, "இன்னாம்மா, வூட்டுக்காரரு ஓடிட்டாரா?" என்று கேட்டார்.

"ஓடலிங்க, நடந்துதான் போனாரு" என்றார் அம்மா.

கூட்டம் கைதட்டிச் சிரித்தது. அம்மாவும் சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலே, "வாடி, மேல குந்து" என்றார்.

அடுத்த மாதமும் கூத்து உண்டாம். அப்பாவுக்குச் சொல்லட்டுமா என்று கேட்டேன். "வாணாம்" என்றார். அவருக்குத் தெரியாமல் சொல்கிறேன்: கடைசி ஞாயிறு, சாயங்காலம். நான் கீழேயே உட்கார்ந்துகொள்கிறேன்.

உங்கள் மகள்