கம்ப்யூட்டரில் பால்குடப் பட்டியல்

ஜூலை 6, ஞாயிறு

கோயிலில் கூடியது நாலு பேர்: பூசாரி சுப்பராயன், திலகவதி, கல்பனா, நான். ஆடிப் பால்குடம் 27ஆம் தேதி. யாருக்காக வேண்டிக்கொள்கிறோமோ அவர் பெயர், நட்சத்திரம் இரண்டையும் பூசாரி படித்து அர்ச்சனை செய்வார். பட்டியல் எழுதுவது நான். "கண்ணு தெரில்லமா, பெருசா அச்சடிச்சிக் குடு" என்றார். மகள் அஸ்வினியின் பழைய லேப்டாப் பீரோவில் சும்மா கிடக்கிறது. ஒப்புக்கொண்டேன்.

கல்பனா தன் வீட்டுக்காரர் விமலுக்காகக் குடம் எடுக்கிறாள். ஆகஸ்ட் 1 அவருக்குச் சென்னையில் இருதய ஆபரேஷன்.

ஜூலை 9, புதன்

எக்செல். போனில் வீடியோ பார்த்து, நிறுத்தி நிறுத்திக் கற்கிறேன். ஒரு கட்டத்தில் ஒரு விஷயம்தான் - எனக்குப் பிடித்திருக்கிறது. 1, 2 அடித்து மூலையைப் பிடித்து இழுத்தால் குடம் எடுக்கும் 54 பேருக்கும் வரிசை எண்ணைத் தானே போட்டுக்கொள்கிறது. சும்மா இன்னொரு முறை இழுத்துப் பார்த்தேன்.

ஜூலை 14, திங்கள்

தாளில் அடங்கட்டும் என்று போன் எண் பத்தியை ஒடுக்கினேன். எல்லாம் #### ஆகிவிட்டது! வேலைக்கு ரயிலில் போய்க்கொண்டிருந்த மகளைப் போனில் பிடித்தேன். "எங்கயும் போகலம்மா. ஓரத்த இழு." இழுத்தேன். இருந்தது.

ஜூலை 24, வியாழன்

பெயர்களை அகர வரிசையில் அடுக்கினேன். பக்கத்துப் பத்திகளையும் சேர்க்கவா, தேர்ந்ததை மட்டும் அடுக்கவா என்று இங்கிலீஷில் கேட்டது. மற்றதை ஏன் தொட வேண்டும்? தேர்ந்தது மட்டும் என்றேன். அழகாக நின்றது. சேமித்து மூடி, பிரிண்ட் எடுக்கக் கொடுத்தாயிற்று.

ஜூலை 27, ஞாயிறு

பால்குடம் நல்லபடி முடிந்தது என்று எழுத உட்கார்ந்தேன். இல்லை.

அர்ச்சனை நேரத்தில் கல்பனா என் கையைப் பிடித்தாள். "எங்க ஊட்டுக்காரரு உத்திரம்க்கா. இன்னாத்துக்கு கேட்டைன்னு படிக்கிறாரு?" பூசாரிக்குக் கண் தெரியவில்லை என்று சொல்லிவிட்டேன். வீட்டில் திறந்து பார்த்தால் என் வீட்டுக்காரருக்கே ரேவதி! அவர் திருவாதிரை. பெயர்கள் மட்டும் இடம் மாறி, நட்சத்திரங்கள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. செய்ததை மாற்றிப் பின்னால் போகிற அம்புக்குறி வேலை செய்யவில்லை. தாயே, இன்னா செய்வேன்? அத்தனை பேர் வேண்டுதலும்-

ஜூலை 28, திங்கள்

நட்சத்திரமும் போன் எண்ணும் ஜோடி மாறவில்லை. அதைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு எண்ணாகக் கூப்பிட்டேன். "யாருங்க பேசறது?" "போன் போட்டது நீயி. என்னியக் கேக்குறியே?" குட்டு வாங்கிக்கொண்டே பெயர் சேர்த்தேன்.

திலகவதி மட்டும் திருத்த விடவில்லை. "எவன் நட்சத்திரமோ, என் மவனுக்கு அதான் ராசி. காலைலதான் சிப்காட் கம்பெனிலேர்ந்து வேலைக்கு வரச் சொன்னாங்க. நீ அதுல கைய வெக்காத!"

கல்பனாவுக்குக் கடைசியாகப் போட்டேன். பூசாரி மேல் தப்பில்லை, நான்தான் என்றேன். "சாமிக்கு அட்ரஸ மாத்திக் குடுத்துட்டியேக்கா" என்று வைத்துவிட்டாள்.

ஜூலை 29, செவ்வாய்

பூசாரி, "அம்மனுக்கு ஆளு தெரியும்மா, வுடு" என்றார். தெரியுமென்றால் பெயர் நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை எதற்கு? மறுபடி செய்யச் சொன்னேன். நான் படித்தேன், அவர் பூ போட்டார். முதலில் விமல், உத்திரம். கல்பனா வரவில்லை.

ஆகஸ்ட் 1, வெள்ளி

காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. சாயங்காலம் திலகவதி வந்து சொன்னாள்: ஆபரேஷன் முடிந்தது, கண் திறந்துவிட்டார். விளக்கேற்றினேன். கல்பனாவைக் கூப்பிடக் கை வரவில்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

மத்தியானம் கல்பனாவே வந்தாள். முந்தாநாள் விமலை வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார்களாம். ஒரு பை மாத்திரையைக் கட்டிலில் கொட்டினாள். "காலைல எது, ராவுல எதுன்னே தெரில்லக்கா. ஒரே பேஜாரு. அந்தக் கம்ப்யூட்டர் பொட்டில போட்டுக் குடு."

"என்னையா கேக்குற?"

"வேற யாரு? ஊரு பூரா போன் போட்டு நீ யாரு, நீ யாருன்னு கேட்டுக்கினு இருந்தது நீதானே" என்றவள், சிரிப்பை அடக்கிக்கொண்டு டீ கேட்டாள். விமலுக்கு மறுபடி செய்த அர்ச்சனையைப் பற்றி அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அவள் போனபின் பட்டியல் போட்டேன். ஒரு கட்டம் மட்டும் காலி. இப்போதுதான் அவளுக்கு அனுப்பினேன்:

"கல்பனா, ராத்திரி வெள்ளை மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாலா, பின்னாலா? நீயாகச் சொல்லாதே, டாக்டர் சீட்டைப் பார்த்துச் சொல். அவர் சாப்பிட உட்காருவதற்குள் சீக்கிரம் பதில் போடு."