சம்பந்தியம்மா பேசும் பாஷை

ஆரணி
ஞாயிறு மத்தியானம்

அன்பு மகள் தேவிப்ரியாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நல்ல சுகம். உன் மாமனார் மாமியாரும் நம் வீட்டில் சுகமாகவே இருக்கிறார்கள், பச்சை மிளகாய் தவிர இந்த ஊரில் எதுவும் அவர்களை ஒன்றும் செய்யவில்லை. நீயும் மாப்பிள்ளை ரோரியும் உன் வயிற்றில் இருக்கிற செல்லமும் அந்தக் குளிரில் நோய்நொடி இல்லாமல் இருக்க படவேட்டு அம்மனை வேண்டிக்கொண்டு இதைத் தொடங்குகிறேன். தினமும்தான் போனில் முகம் பார்த்துப் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் பேசினால் உன் பின்னால் மாப்பிள்ளை குறுக்கும் நெடுக்கும் நடக்கிறார், இங்கே அப்பாவின் தறிக் கொட்டகைச் சத்தம், போதாததற்கு நீ பாதியிலேயே "சுருக்கமா சொல்லும்மா" என்பாய். இது சுருக்கமாகச் சொல்கிற விஷயம் இல்லை. நாளைக்கு இவர்கள் கிளம்புகிறார்கள். பருப்புப் பொடிக்கும் வடகத்துக்கும் நடுவே இதையும் வைத்து அனுப்புகிறேன், இருவருக்கும் தமிழ் தெரியாது என்ற தைரியத்தில் எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

போன வாரம் கேட்டாயே, "அந்த ஸ்காட்லாந்து நாவல நீ எப்படிம்மா படிச்ச, நான் நாலு பக்கத்துல மூடிட்டேன்" என்று, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். கல்யாணத்துக்கு வந்தபோது அந்த நாவலோடு இன்னொன்றையும் சேர்த்து என் தலையில் கட்டிவிட்டுப் போனாய். அந்த ஊர் ஆஸ்பத்திரி வார்டில் வயசானவர்கள் பேசுவது புரியட்டும் என்று வாங்கினேன், ஏறவில்லை என்றாய். என் பெண் காலையிலிருந்து இரவு வரை காதில் வாங்குகிற பேச்சு எப்படித்தான் இருக்கும், பார்த்துவிடலாம் என்று நான் எடுத்தேன். நீ செய்த தப்பையே நானும் செய்தேன், தடி புத்தகத்தில் ஆரம்பித்தேன். அதில் கதை சொல்கிறவரே முழுக்க முழுக்க அந்த ஊர்ப் பேச்சில்தான் சொல்லிக்கொண்டு போகிறார். அச்சடித்தவன் தூங்கிவிட்டானோ என்று இருந்தது. இரண்டு பக்கத்தில் தலைவலி வந்து, அலமாரியில் வைத்துவிட்டு ஒல்லிப் புத்தகத்தை எடுத்தேன். அதில் கதை சாதாரண இங்கிலீஷ், ஆட்கள் வாயைத் திறக்கும்போது மட்டும் அந்தப் பேச்சு. தடுக்கி விழுந்தாலும் அடுத்த வரியில் எழுந்துகொள்ளலாம். நீயும் அதில்தான் தொடங்க வேண்டும். முதலில் நான் ஒவ்வொரு சொல்லுக்கும் போனில் அர்த்தம் தேடினேன், ஒரு மத்தியானம் முழுக்க ஒரு பக்கம்தான் நகர்ந்தது, கதை செத்துப்போனது. பிறகு தேடுவதை விட்டேன். ஒரு சொல் நாலு இடத்தில் வந்தால் அதுவே தன் அர்த்தத்தைச் சொல்லிவிடுகிறது. கண்ணால் படித்தால் அது வெறும் எழுத்துக் குப்பை ப்ரியா, வாயால் படித்தால்தான் பேச்சு. தறிச் சத்தத்துக்கு மேலே கத்திப் படித்தேன், அப்பா எட்டிப் பார்த்து "இன்னா ரேணு, ஜுரம் கண்ட மாதிரி ஒளறிகினு கீற" என்றார்.

அப்படிப் படித்துக்கொண்டு போகும்போது ஒருநாள் "ஃபிட்" என்ற சொல் பிடிபட்டது. மற்ற இங்கிலீஷ்காரர்கள் "வாட்" என்பதை அவர்கள் "ஃபிட்" என்கிறார்கள், நாம் என்னவை இன்னா என்கிற மாதிரி. அவ்வளவுதானா என்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஃபார்" என்றால் தூரம் இல்லையாம், எங்கே என்று அர்த்தமாம். ஒருத்தி கடைக்குப் போகிறவளை எங்கே போகிறாய் என்று கேட்கிறாள், நான் எவ்வளவு தூரம் என்று கேட்கிறாள் என்று நினைத்து, மற்றவள் ஏன் கணக்கு சொல்லாமல் கடையைச் சொல்கிறாள் என்று குழம்பினேன். இன்னொரு கூத்து கேள். கடலில் போன புருஷனைப் பிணமாகக் கொண்டுவந்து கிடத்துகிறார்கள், அவன் பெண்டாட்டி பக்கத்தில் உட்கார்ந்து "கிரீட்" செய்கிறாள் என்று எழுதியிருக்கிறது. அந்த ஊரில் பிணத்துக்கு வணக்கம் சொல்வார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு பத்துப் பக்கம் போய்விட்டேன். கதையில் எல்லோரும் சும்மா சும்மா வணக்கம் வைக்கிறார்களே, அதுவும் மூலையில் தனியாக உட்கார்ந்துகொண்டு வைக்கிறார்களே என்று சந்தேகம் வந்த பிறகுதான் தெரிந்தது, கிரீட் என்றால் அவர்கள் பேச்சில் அழுவது. திரும்பப் போய் அந்தப் பத்துப் பக்கத்தையும் படித்தேன், நானும் அழுதேன். ஒல்லிப் புத்தகம் முடிந்ததும் தடி புத்தகத்தை மறுபடி எடுத்தேன். முதல் அத்தியாயத்தை இரண்டு தரம் படித்தேன். இரண்டாம் தரம் படிக்கும்போது கதவு திறந்துவிட்டது.

இனிமேல்தான் விஷயம். இவர்கள் வந்த முதல் சில நாட்கள் எனக்கு ரொம்பப் பேஜாராக இருந்தது. உன் மாமனார் அலெக்குக்குக் கவலையே இல்லை. மீன்பிடிப் படகில் எஞ்சின் பார்த்த மனிதர், தறிக் கொட்டகையில் அந்தச் சத்தத்துக்கு நடுவே நாற்காலி போட்டு உட்கார்ந்து சொர்க்கத்தில் இருப்பவர் போல அப்பாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். திருமலைக்குக் கூட்டிப்போனோம், எங்களுக்கு முன்னால் மலை ஏறிவிட்டார். உன் மாமியார் ஷீனாதான், நீ எத்தனையோ தடவை என்னிடம் ஆற்றாமையோடு சொன்ன மாதிரியே, நாலு வார்த்தைக்கு மேல் பேசவில்லை. அந்த நாலும் செய்தி வாசிக்கிற மாதிரி அளந்து அளந்து வந்தது. புத்தகத்தில் படித்த பேச்சில் ஒரு சொல்கூட அவர் வாயில் இல்லை. உன்னை அவருக்குப் பிடிக்கவில்லை என்று நீ சொன்னது நிஜம்தானோ என்று நினைத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை காலையில் அவரை மாடிக்குக் கூட்டிப்போய் உனக்காகத் தயார் செய்திருக்கிற அறையைக் காட்டினேன். புதுச் சுண்ணாம்பு, தூளி கட்டக் கொக்கி, ஜன்னலுக்குக் கொசுவலை. பிரசவத்துக்கு நீ இங்கே வருவாய், குழந்தைக்கு ஒரு வயசு ஆகும்வரை இங்கேதான் வைத்திருப்போம் என்று பெருமையாகச் சொன்னேன். ரொம்ப அழகான அறை, மிக்க நன்றி என்றார். கீழே போய்விட்டார்.

சாப்பாட்டுக்கு முன்னால் வடகம் எடுக்க மொட்டை மாடிக்குப் போனேன். காயப்போட்ட போர்வைக்குப் பின்னால் இருவரும் நின்றிருந்தார்கள், நான் வந்தது தெரியவில்லை. அலெக் "டின்னா கிரீட், க்வைன்" என்றார். முறத்தோடு அப்படியே நின்றுவிட்டேன். அழாதடி பொண்ணே என்கிறார்! அதற்கு அந்த அம்மா மடமடவென்று கொட்டினார், எல்லாம் அந்தப் பேச்சு, எனக்கு முக்கால்வாசி புரிந்தது. நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் இப்படி இருக்கும்: "கொழந்தைய இங்கியே வெச்சிகினாங்கன்னா அது நடக்கக் கத்துகினப்புறம்தான் நான் பாப்பேன். கேக்கறதுக்கு எனக்கு வாய் வரல. அந்தப் பொண்ணு டாக்டரு, நான் மீன் அறுத்துகினு இருந்தவ, என் பேச்சப் பேசினா இன்னா நெனைக்குமோன்னு கல்யாணத்துலேர்ந்து பல்லக் கடிச்சிகினு பேசறேன்."

ஒட்டுக்கேட்டது தப்புதான், ஆனால் கேட்டபிறகு திரும்பிப் போக என் கால் வரவில்லை. போர்வையை ஒதுக்கிக்கொண்டு போய் அவர் கையைப் பிடித்து "டின்னா கிரீட், ஷீனா" என்றேன். அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். இதை உனக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று கத்திவிட்டார். கீழே ஓடி அந்தத் தடி புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினேன். நடுவில் ஒரு பக்கத்தை நான் படித்தேன். என் உச்சரிப்பைக் கேட்டு அலெக் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஷீனா புத்தகத்தைப் பிடுங்கித் தானே படித்தார். அடேயப்பா, அதே வரிகள் அவர் வாயில் ஓடிய ஓட்டம்! சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் இந்தப் பேச்சைப் பேசியதற்கு உள்ளங்கையில் அடித்தார்களாம், அதனால் இந்த மாதிரிப் புத்தகங்களையே தொட்டதில்லையாம். நான் திருச்சி ஹாஸ்டலில் வந்துகினு போய்கினு என்று பேசி எல்லோரும் சிரித்ததையும், ஒரு மாதம் வாயே திறக்காமல் இருந்ததையும் சொன்னேன். இருவரும் அழுவதும் சிரிப்பதுமாக இருந்தோம். அப்பா மேலே வந்து "சோறு ஆக்கலியா? இன்னாத்துக்கு ரெண்டு பேரும் அழுதுகினு சிரிச்சிகினு கீறீங்க?" என்று மிரண்டுபோனார்.

அன்று சாப்பிடும்போதே முடிவு செய்துவிட்டேன் ப்ரியா. தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தான் என்று நான் பிடித்த பிடிவாதத்தை விடுகிறேன். உன்னையும் ஒரு தடவை மனசாரக் கேட்காமலே அறைக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டேன். வயிற்றுப் பிள்ளையோடு நீ இவ்வளவு தூரம் பறந்து வரவேண்டாம், ஏப்ரலில் நான் அங்கே வருகிறேன். அப்பாவிடம் சொன்னதும் "அப்ப ஜல்தி பாஸ்போர்ட் எடு, தறிய நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு, நான் இல்லாத வீட்டை நினைத்தாரோ என்னவோ, இன்னொரு தரம் ரசம் ஊற்றச் சொன்னார். ஷீனா என்னைத் தன் வீட்டில்தான் தங்கவேண்டும் என்கிறார், நான் உன் வீட்டில்தான் என்கிறேன், அந்தச் சண்டை இன்னும் ஓடுகிறது. உனக்கு வேறு எண்ணம் இருந்தால் கூசாமல் சொல், பிள்ளை பெறப்போகிறவள் நீ.

இரும்புச் சத்து மாத்திரையை நிறுத்தாதே, சாப்பிட்டதும் டீ குடிக்காதே. வழுக்குகிற பனியில் அந்த ஹீல்ஸ் வேண்டாம். மாப்பிள்ளைக்குப் பிடித்த முறுக்கு தனி டப்பாவில் இருக்கிறது, வடகத்தை வெயில் இல்லாத ஊரில் எண்ணெயில் போடும் முன் வாணலியில் லேசாகப் புரட்டிக்கொள்.

இவ்வளவும் எழுதும்போது ஷீனா தூங்கி எழுந்து வந்து என்ன எழுதுகிறாய் என்று கேட்டார். உங்கள் மருமகளுக்கு உங்களைப் பற்றித்தான் என்றேன். பேனாவை வாங்கி அடியில் நாலு வரி எழுதினார். தன் சொந்தப் பேச்சில் எழுதியிருக்கிறார், உனக்கு முதல் தடவையாக. நான் படித்துவிட்டேன், ஆனால் என்ன என்று சொல்ல மாட்டேன். அதற்குப் பதிலை எனக்கு எழுதாதே கண்ணு. பஸ் ஏறி அவர் வீட்டுக்குப் போய், அடுக்களையில் உட்கார்ந்து சொல்.

தாயும் பிள்ளையும் வேறுவேறாகிச் சுகமாக இருக்க என் ஆசிர்வாதம், அப்பாவின் ஆசிர்வாதம்.

உன் அம்மா,
ரேணுகாம்பாள்